மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை மருமகள் ஒரு புதுச்சேலையைப் பிரித்தாள். இங்கே டவுனில், கணபதி ஏரியாவில், எங்கள் தெருக்கோடிக் கோயிலில் நாளைக்குத் திருக்கல்யாணம். அம்மனுக்குச் சாத்த வாங்கிய சேலை அது. மடிப்பு விரிந்ததும் கஞ்சி வாசம், பக்கத்து லேத்துப் பட்டறையின் எண்ணெய் வாடையையும் மீறிக்கொண்டு வந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க மாமா, சேலை புடிக்கலீங்களா?" என்றாள்.

"நல்லாருக்குது கண்ணு. எனக்கு ரெண்டு தாளும் பேனாவும் குடு."

ஆமாம் அக்கா, எழுதத்தான். இந்த வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். இதுவரை எழுதியதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இருக்கட்டும். ஒவ்வோர் எழுத்தும் வந்து உட்காரும்போது எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வருகிறது. முதல் கடிதம் உனக்குத்தான். எதை எழுதுவது என்று யோசிக்கவே இல்லை.

கோபிப் பக்கம் நம் ஊரில் ஈஸ்வரன் கல்யாணத்தை நம் வீட்டுக் கல்யாணம் போலத்தான் செய்வார்கள். குருக்கள் மந்திரம் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் ஊர்ச்சீர் எல்லாம் நடக்க வேண்டும். அதில் பெரியது இணைச்சீர். அம்மன் உடுத்தப் போகிற கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம் இருக்கும், மறுமுனை அவருக்குக் கூடப்பிறந்தவள் கையில் இருக்கும். அவள் பிடித்துக் கொடுத்த பிறகுதான் அந்தச் சேலை அம்மனுக்குப் போகும். ஈஸ்வரனுக்குத் தாய் தகப்பனே கிடையாது, கூடப்பிறந்தவளுக்கு எங்கே போவது? ஊர்ப்பெண் ஒருத்திதான் நிற்க வேண்டும்.

நமக்கும் தாய் தகப்பன் நிலைக்கவில்லை. களையெடுத்தும் வாழைத்தார் சுமந்தும் என்னை வளர்த்தவள் நீ. கல்யாணமாகிப் போன வேகத்தில் தாலியை இழந்து திரும்பி வந்தாய். அதற்குப் பிறகு நீ எந்தக் கல்யாணப் பந்தலிலும் கால் வைத்ததில்லை. என் கல்யாணத்தில்கூட இணைச்சீருக்குச் சித்தி மகளைத்தான் நிறுத்தினார்கள். நீ அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாய். கெட்டிமேளம் கேட்டதும் கரண்டியோடு கையெடுத்துக் கும்பிட்டாய் என்று பின்னால் சொன்னார்கள்.

என் கல்யாணம் முடிந்து பல வருடங்கள் கழித்து ஒரு பங்குனி உத்திரத்தில், வழக்கமாகச் சாமிக்கு நிற்கும் ஊர்ப் பாட்டி ஒருத்தி வீட்டில் சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. சீர் நடத்தும் அருமைக்காரர் பந்தலில் நின்று கேட்டார்.

"மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ ஆருங்க?"

ஒருத்தியும் அசையவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இணைச்சீரில் நிற்கிறவள், தன் வயிற்றுப் பிள்ளையை உடன்பிறந்தான் வீட்டுக்குத் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். சாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை தேடிப் பொள்ளாச்சிக்கும் பெருந்துறைக்கும் அலைய முடியுமா? தாய்மார்கள் தங்கள் பெண்களை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

அருமைக்காரர் மறுபடியும் கேட்டார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது பந்தலுக்கு வெளியே, வெயிலில், தண்ணீர்த் தொட்டி பக்கத்திலிருந்து உன் குரல் வந்தது.

"நான் வரட்டுங்களா?"

மளிகைக்கடைப் பாவாயி எழுந்தேவிட்டாள்.

"ஏனுங்க, இதென்னங்க நாயம்? தாலியறுத்தவ கையில அம்மனுக்குக் கூறைச்சேலையா? ஊரு வெளங்குமா?"

நீ கோபப்படவில்லை அக்கா. சேலைத் தலைப்பில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்.

"புருசன் போனா தாலி போகுமுங்க. கூடப்பொறந்ததுமா போயிரும்? அவருக்கும் ஆருமில்ல. எனக்கும் வாக்குக் குடுக்கப் புள்ளையில்ல, பயமும் இல்லீங்க."

அருமைக்காரர் உங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாமுங்க. பூக் கேட்டுப்போடலாம். மாப்பிள்ளையே சொல்லட்டும்" என்றார். சாமியின் வலத்தோளில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தார்கள். விழுந்தால் உத்தரவு. விழாவிட்டால் நீ தொட்டிப் பக்கமே திரும்பிப் போக வேண்டியதுதான்.

மேளம் நின்றுவிட்டது. ஊரே அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பந்தல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூ அசையவில்லை. காற்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பாவாயி பக்கத்திலிருந்தவளைப் பார்த்துத் தலையாட்டினாள். அருமைக்காரர் பூவை எடுக்கக் கையைக்கூட நீட்டிவிட்டார்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். சின்ன வயதில் சாப்பிட அடம்பிடிக்கும் என்னிடம் பேசுகிற அதே குரலில், சாமியைப் பார்த்து.

"ஏங் கண்ணு, அக்கா வரட்டுமா, வேண்டாமா? வெயிலு மண்டையப் பொளக்குது, வெடுக்குனு சொல்லு சாமி!"

பந்தலே வெடித்துச் சிரித்தது. குருக்கள் சிரித்தார். தவில்காரர் தவில் மேலேயே கவிழ்ந்துவிட்டார். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குப் பந்தல் துணிதான் பதிவாகியிருந்தது. கண்ணில் நீர் வர நானும் சிரித்தேன். சிரிக்காமல் சாமியையே முறைத்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான்.

"உழுந்துருச்சு! ஐயோ சாமி, உழுந்துருச்சுங்க!"

அலறியது பாவாயி. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள் அக்கா. நான் சொல்லியிருந்தால் என்னை அடித்தே இருப்பார்கள். பூ சாமியின் காலடியில் கிடந்தது. பாவாயி ஓடி வந்து உன் கையைப் பிடித்து, "வா அம்மணி, உள்ள வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

நீ கூறைச்சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மறுமுனை ஈஸ்வரனின் கையில் சுற்றியிருந்தது. உங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சேலை தொய்யாமல் நின்றது. அதைப் பார்த்தபோது என் மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுக்கிறேன். பிறகு அந்தச் சேலை அம்மன் மேல் ஏறியது. கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறிய நேரத்தில் ஊரே அட்சதையை வீசியது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு உன் தலையிலும் மஞ்சள் அரிசி விழுந்தது. நீ அதைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றாய்.

"இனி அம்மனுக்கு நீதான் நாத்தனாரு. கொடுமை கிடுமை பண்ணிப்போடாதே!" என்றாள் பாவாயி.

"அவ என்னையப் பண்ணாம இருந்தாச் சரி" என்றாய் நீ.

வாய்க்கால் மேட்டில் வீடு திரும்பும்போதுதான் உனக்குப் பயம் வந்தது.

"ஏன்டா, கண்ணுன்னு கூப்பிட்டுப்போட்டனே. அவரு எனக்கு அண்ணனா இருந்தா கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவருக்கு வயசே இல்லையாமக்கா."

நீ விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாய். பிறகு முடிவு செய்தவளாக, "அப்படீன்னா எனக்கு எளையவரு, உனக்கு மூத்தவரு. நடுவுல வெச்சுக்கலாம்" என்றாய். குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்த மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு வருடா வருடம் நீயே நின்றாய், உன்னால் நிற்க முடிந்தவரை.

நீ போனபோது எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு, இனி உனக்கு யாரிருக்கிறார்கள் என்று அழுதார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. காரியமெல்லாம் முடிந்து தீட்டுக் கழித்துக் கோயிலுக்குப் போய் நின்றேன். சாமி என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். அண்ணா என்று வந்தது.

இப்போதும் எந்த ஈஸ்வரன் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வேண்டுதல் எதுவும் வைப்பதில்லை அக்கா. அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

"அக்கா சாப்பிட்டாளாங்கண்ணா?"