காக்கைச் சோறும் மூன்று நிமிஷப் படமும்

1974 பிப்ரவரி 9, சனி

இத்தனை நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும் — யாரிடம் கேட்கிறேனோ. பகலில் நோட்டைத் திறந்தால் ஜவஹர் பேனாவைப் பிடுங்குகிறான். மதினி எட்டிப் பார்த்து, "பரீட்சைக்கா படிக்க?" என்கிறார்.

இன்று கொல்லைக் கொய்யா மரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே ஒரு பிடி கம்பு, ஒரு பிடி நொய். விலங்கியல் படித்ததற்கு இந்த மேற்கு மாம்பலத்தில் வேறு என்ன செய்ய? ஜவஹரின் அப்பா, கப்பலில் இருக்கிறவர், யோகோஹாமாவிலிருந்து எழுதியிருந்தார்: "எங்கு பார்த்தாலும் தண்ணீர். கொல்லையையும் பையனையும் படம் பிடித்து வை. லீவில் வந்து பார்க்கிறேன்." போன லீவில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சினிமா கேமரா அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது. ரீல் மூன்றுதான். ஒரு ரீல் மூன்று நிமிஷம் சொச்சம் ஓடும். சத்தம் பிடிக்காது, படம் மட்டும்.

ஜவஹருக்கு இரண்டு வயது எட்டு மாதம். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எழுதிவிட்டேன். எழுதினால் பெரிதாகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

சிரட்டைக்கு முதல் விருந்தாளி அணில். குருவிகள் சுவரில் உட்கார்ந்து அதைத் திட்டின.

பிப்ரவரி 17, ஞாயிறு

குருவிகள் வந்துவிட்டன. தவிட்டுக்குருவிகளும் — எண்ணினேன், ஏழு. மண்ணில் தத்தித் தத்தி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஓயாத சண்டை. ஜவஹர் துவைக்கிற கல்லில் அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறான். அவனுக்கு ஒவ்வொரு பறவைக்கும் ஒரு செய்கை உண்டு. குருவி என்றால் ஆள்காட்டி விரலால் உள்ளங்கையைக் கொத்துவான். தவிட்டுக்குருவிக்கு இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி. காகத்துக்குத் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு நான் என் சொத்தெல்லாம் எழுதி வைப்பேன்.

இத்தனை தெரிகிற பிள்ளைக்குப் பேச்சு மட்டும் ஏன் வரவில்லை?

மத்தியானம் மதினி காக்கைக்குச் சோறு வைப்பதைப் படம் பிடித்தேன். மதினி ஜவஹர் அப்பாவின் அக்கா, பெயர் தங்கபுஷ்பம். புருஷன் இறந்த பிறகு நாலு வருஷமாக எங்களோடுதான். காகம் வாய் வைக்காமல் தான் சாப்பிடமாட்டார். கொல்லைப்படியில் நின்று "கா... கா..." என்று அழைத்தால் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். ஜவஹர் எங்கிருந்தாலும் அப்போது ஓடி வந்துவிடுவான். மதினிக்கு அதுதான் அத்தாட்சி. "பிள்ளைக்குக் காது கேக்கலேன்னு எந்த வாயால சொல்லுத? கூப்பிட்ட உடனே ஓடி வாரான்லா."

உண்மைதான். ஓடித்தான் வருகிறான்.

பிப்ரவரி 20, புதன்

இன்றும் காக்கைச் சோறு எடுக்கலாம் என்று நின்றேன். காகம் வரவேயில்லை. மதினி கூப்பிடுகிறார், கூப்பிடுகிறார், நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் காத்திருக்கிறேன். அரை நிமிஷம் வீண். "நீங்க சும்மா கூப்பிடுதது எதுக்கு மதினி படத்துல?" என்று சிடுசிடுத்துவிட்டேன். அவர் காக்கையைத் திட்டினார். பாவம், அது எங்கே போயிருந்ததோ.

பிப்ரவரி 25, திங்கள்

தெருமுனை டாக்டரிடம் போனோம். "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க. மூணு வயசு முடியட்டும்" என்றார். மதினி திரும்பி வரும் வழியெல்லாம் என்னைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டு வந்தார்.

நானும் சோதித்துப் பார்க்கிறேன், திருட்டுத்தனமாக. அவன் முதுகுக்குப் பின்னால் தட்டைக் கீழே போட்டேன். திரும்பினான். உயிர் வந்தது. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே நின்று அதே தட்டைக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. முதல் தடவை கேட்டுத் திரும்பினானா, தரை அதிர்ந்ததாலா? ரயில் போகும்போது தரையில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறானே, அது என்ன?

நான்தான் பைத்தியமா?

மார்ச் 4, திங்கள்

முதல் ரீல் முடிந்தது. பாண்டி பஜார் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹபீபுர் ரஹ்மான் பாயிடம் கொடுத்தேன். பம்பாய்க்கு அனுப்பித்தான் கழுவ வேண்டுமாம். "ஒரு மாசம் ஆவும்மா. இன்னா எடுத்துக்கீறீங்க, கல்யாணமா?"

"காக்கா, குருவி, அணில்."

பாய் ரசீது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "செலவு பண்ணி காக்காவப் பாக்குற மொத ஆளு நீங்கதாம்மா."

மார்ச் 19, செவ்வாய்

அவரிடமிருந்து பதில். நான் பயத்தையெல்லாம் நாலு பக்கம் எழுதியிருந்தேன். அவர் எழுதியது ஒரு பக்கம்.

"ரேடியோ ஆபீசர் மகனுக்குக் காது கேட்காமல் போகுமா? புயலிலும் நான் சிக்னல் பிடிக்கிறவன். டாக்டர் டாக்டராக இழுத்துக்கொண்டு அலைந்து அவனுக்கு ஊமைப் பட்டம் கட்டிவிடாதே. டிசம்பரில் வருகிறேன், நானே பார்க்கிறேன்."

டிசம்பர். விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது மாதம்.

கோபமில்லை. அவரும் பயந்திருக்கிறார். எழுத்து இவ்வளவு சாய்ந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 28, வியாழன்

குயில் விடியற்காலையிலிருந்து கூவுகிறது. எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 6, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ரீல் வந்துவிட்டது என்று பாய் ஆள் அனுப்பினார். மூன்று பேரும் போனோம். மதினி படத்தில் இருப்பதால் பச்சைக் கரைச் சேலை கட்டிக்கொண்டார். பாய் பின்னறையை இருட்டாக்கி, வெள்ளைச் சுவரில் படத்தை ஓட்டினார். ஜவஹர் என் மடியில்.

சிரட்டை ஆடிற்று. குருவி. அணில். ஏழு தவிட்டுக்குருவிகளும் வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தமே இல்லாமல் அந்தச் சண்டை என்னவோ போலிருந்தது. ஜவஹர் மடியில் இருந்தபடியே குதித்தான். பாய் சிரித்தார்.

அடுத்து மதினி, படியில், தட்டோடு. "நான் இம்புட்டு மெலிவாவா இருக்கேன்?" என்றார் பக்கத்திலிருந்து. சுவரில் அவர் வாய் திறந்தது. கா. மறுபடி. கா.

படத்தின் கீழ் மூலையில் ஜவஹர். நான் படம் பிடித்தபோது அவனைப் பார்க்கவேயில்லை, காகம் வரும் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துவைக்கிற கல்லில், மதினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். குச்சியால் தரையில் கோடு போடுகிறான். நாலடி தூரத்தில் மதினி கத்துகிறார். குச்சி நிற்கவில்லை. கிளையிலிருந்து காகம் இறங்குகிறது, அதன் நிழல் சிமெண்டுத் தரையில் அவன் கோட்டின் மேல் ஓடுகிறது — அப்போதுதான் தலை தூக்கி, துள்ளி எழுந்து, ஓடி வருகிறான்.

நிழலைப் பார்த்து.

இத்தனை நாளாக வீட்டுக்குள்ளிருந்து எப்படி ஓடி வந்தான்? அதுவும் அப்போது விளங்கியது. தட்டு கையில் ஏறுவதைப் பார்த்து, மதினியின் சேலைத் தலைப்பைத் தொடர்ந்து. நாங்கள் பின்னால் பார்த்ததேயில்லை.

அடுத்தது, நான் வீண் என்று எரிச்சல்பட்ட அந்த அரை நிமிஷம். மதினி அழைக்கிறார், அழைக்கிறார். கழுத்து நரம்பு புடைப்பது கூடத் தெரிகிறது. காகம் வரவில்லை. நிழலும் வரவில்லை. அவன் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறான். முடிகிற வரைக்கும்.

விளக்கைப் போட்ட பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா போடட்டுமாம்மா?" என்றார் மெதுவாக.

"போடுங்க பாய்" என்றது நான் இல்லை. மதினி.

இரண்டாம் தடவை ஓடியபோது மதினி தன்னைப் பார்க்கவில்லை. கீழ் மூலையை மட்டும் பார்த்தார்.

ரிக்‌ஷாவில் வீடு வந்தோம். ஜவஹர் எங்கள் நடுவில் உட்கார்ந்து மின்கம்பியில் இருந்த காகங்களுக்கெல்லாம் தலை சாய்த்துக்கொண்டு வந்தான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மதினி மத்தியானம் சோற்றை எடுத்துக்கொண்டு போனார். வழக்கமான குரல் வரவில்லை. போய்ப் பார்த்தேன். தட்டைப் படியில் வைத்துவிட்டு, கல்லருகே போய், ஜவஹர் முன்னால் மண்டியிட்டு, அவன் தோளைத் தொட்டார். அவன் நிமிர்ந்ததும் மதினி தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

அவன் சிரித்த சிரிப்பு. அவனுடைய பேச்சை வீட்டில் வேறொருவர் பேசிவிட்டாரே.

பிறகுதான் இரண்டு பேருமாகப் போய்க் காகத்தை அழைத்தார்கள். மதினி சமையலறைக்குத் திரும்பி வந்து, "நான்தான் உன்னை இத்தன நாளா நிறுத்தி வச்சுட்டேன்" என்றார். "அப்படிச் சொல்லாதீங்க மதினி, நானும் நம்பினேன்லா." அவர் சாப்பிடவில்லை. நான் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 22, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர். கண்ணாடி வைத்த அறையில் என் மடியில் அவனை வைத்து, ஏதேதோ சத்தம் விட்டுப் பார்த்தார்கள். பிறவியிலேயே கேட்கவில்லை. கொஞ்சமே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார் டாக்டர்; காது மிஷின் போட்டு, வாயைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும். "எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஜூன்ல வகுப்பு ஆரம்பிக்குது. விட்டா அடுத்த வருஷம்."

வீட்டுக்கு வந்து சிரட்டையில் கம்பு நிரப்பினேன். பாதி கீழே போயிற்று. கீழே விழுந்ததைத் தவிட்டுக்குருவிகள் தின்றன.

மே 16, வியாழன்

அவருக்கு எழுதி மூன்று வாரமாகிறது. பதிலில்லை. கப்பல் எந்தத் துறையில் நிற்கிறதோ. வகுப்புக்கு விண்ணப்பம் தர நாளைதான் கடைசி. "தகப்பனார் அல்லது காப்பாளர் கையொப்பம்" என்ற கோட்டை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேண்டாம் என்று எழுதிய பிறகு நான் போடலாமா? போடாவிட்டால்?

மதினி விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"போடு. தம்பி கேட்டான்னா நான் சொல்லுதேன், நான்தான் போடச் சொன்னேன்னு. அவன் எனக்கு இளையவன்."

போட்டேன். க. சண்முகவடிவு, பி.எஸ்ஸி. அந்த பி.எஸ்ஸியை எதற்குப் போட்டேனோ.

ஜூன் 3, திங்கள்

வகுப்பு. ஐரின் டீச்சர் தரையில் உட்கார்ந்து அவன் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து பேசுகிறார். மிஷினைச் சிறு பையில் வைத்து மார்பில் கட்டி, ஒயரைக் காதில் செருகினார்கள். நாலு தடவை பிடுங்கிப் போட்டான். ஐந்தாவது தடவை நான் அழுதேன். "அவன் உங்க முகத்தத்தான் படிச்சிக்கிட்டிருக்கான்மா. அழுதா அதத்தான் படிப்பான்" என்றார் டீச்சர்.

ஜூன் 9, ஞாயிறு

சாயங்காலம் கொல்லையில். மிஷின் மார்பில் இருந்தது. அவன் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மரத்துக்குப் பின்னாலிருந்து தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒரே சமயத்தில் கத்தின.

குச்சி நின்றது.

திரும்பவில்லை. நின்றது, அவ்வளவுதான். பிறகு மறுபடி கோடு போட்டான்.

கேமரா உள்ளே இருந்தது. எடுத்து வரவில்லை. இது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

ஜூன் 13, வியாழன்

அவர் கடிதம் நேற்று வந்தது. மூன்று வரி. கையெழுத்துப் போட்டது சரி என்றும் இல்லை, தவறு என்றும் இல்லை. "நான் அவனுக்கு இனி என்ன செய்ய முடியும், வடிவு" என்று மட்டும். அதற்கு எழுதியதை இங்கும் பிரதி எடுத்து வைக்கிறேன்.

அன்புள்ள அத்தான்,

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. உங்கள் கூட வேலை செய்யும் ஹென்றி லீவு முடிந்து இங்கிருந்து போய், வருகிற செவ்வாய்க்கிழமை பம்பாயில் உங்கள் கப்பலில் ஏறுகிறாராம். ஒரே நாளில் கப்பல் கிளம்பிவிடும், உங்களால் இங்கே வந்து போக முடியாது என்று தெரியும். அவரிடம் கேமராவையும் கடைசி ரீலையும் கொடுத்தனுப்புகிறேன். பறவைகளை நான் போதுமான அளவு எடுத்துவிட்டேன்.

ஜவஹருக்குக் குருவிக்கு ஒரு செய்கை உண்டு, காகத்துக்கு உண்டு, எனக்கு உண்டு, மதினிக்கு உண்டு. உங்களுக்கு இல்லை. கல்யாணப் போட்டோவைக் காட்டினால் கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறான். நீங்கள் போகும்போது அவன் கைக்குழந்தை, அவன் என்ன செய்வான்?

ஹென்றியைக் கேமராவைப் பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி நில்லுங்கள், தொப்பி வேண்டாம். மீசை உதட்டை மறைத்தால் கத்தரித்துவிடுங்கள். கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, அவனைப் பார்க்கிற மாதிரி பார்த்து, ஜவஹர் என்று சொல்லுங்கள். அப்புறம், அப்பா என்று சொல்லுங்கள். அவசரமில்லாமல், ரீல் முடிகிற வரை. சத்தம் பிடிக்காத கேமராவாயிற்றே என்று தயங்க வேண்டாம். அவனுக்கு வேண்டியது அந்தப் படம்தான். பாய் சுவரில் போட்டுக் காட்டுவார், எத்தனை தபா வேண்டுமானாலும்.

ரீல் வர மாதங்கள் ஆகும். அதற்கு முன்னால், செய்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

வடிவு