இயற்கை மரணம் என்று எழுதினார்கள்

இன்று காலை கிளினிக்கில் நம் மூத்த மகளுக்குச் சீனி சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் விரலில் தேய்த்த ஸ்பிரிட்டின் வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். பதினொரு வருசமாகக் காலையிலும் மாலையிலும் நான் உங்களுக்கு இன்சுலின் போட்ட வாசம் அது. ஊசிக்குப் பயந்த மனிதர் நீங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வீர்கள்.

அந்தப் புதன்கிழமை பகல் கராஜில் வைத்து உங்களைப் பொலிசார் கூட்டிப்போனார்கள். நீங்கள் திருத்திக் கொடுத்த மோட்டார் சைக்கிள் யாரோ களவெடுத்த ஒன்றாம். "வாக்குமூலம் எடுத்துட்டு விட்டிருவாங்க. சோத்த மூடி வை, அசருக்கு முன்ன வந்திருவன்" என்று போனில் சொன்னீர்கள்.

பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்கு நான்தான் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தோடு பொலிசுக்கு வந்தேன். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் கொடுக்க முடியாது என்றார்கள். மறுநாள் போயா விடுமுறை, கிளினிக் பூட்டு. வெள்ளி காலை துண்டோடு வந்தபோது நீங்கள் கம்பிக் கூட்டுக்குள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். உதடு வெடித்திருந்தது. வாந்தி எடுப்பதெல்லாம் நடிப்பு என்றார் ஒருவர். பெரிய ஐயா வரட்டும் என்று மருந்தை மேசையில் வைத்தார் இன்னொருவர். நான் வாயைத் திறக்கப் போனேன். "கத்தாத. நீ போனதுக்குப் பொறகு எனக்குத்தான் அடி விழும்" என்றீர்கள். மருந்தை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். நான் ஓடி வந்தபோது மௌத்தாகியிருந்தீர்கள். கையைக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டிய விலங்கைக்கூட இன்னும் கழற்றவில்லை.

நீரிழிவினால் இயற்கை மரணம் என்று முதல் அறிக்கையில் எழுதினார்கள். விசாரணையில் நீதவான் கேட்டபோது சொன்னேன்: "அந்தச் சீனி வருத்தத்தோட பதினொரு வருசம் வாழ்ந்தவர், ஐயா. மருந்தில்லாம ரெண்டு நாள்தான் தாங்கினவர்."

நீதிமன்ற வாசலில்தான் திருக்கோவில் ஊர் அக்காவைக் கண்டேன். அவருடைய மகன் பொலிஸ் கூட்டுக்குள் தான் உடுத்திருந்த சாரத்திலேயே தூக்கு மாட்டிக்கொண்டான் என்று எழுதியிருந்தார்களாம். இன்னொருத்தியின் தம்பி, ஒளித்த ஆயுதத்தைக் காட்டப் பொலிஸ் கூட்டிப்போன இடத்தில் ஆற்றில் பாய்ந்தானாம். வழக்குத் தவணைக்குத் தவணை ஒரே வாங்கில் உட்கார்ந்து கதைப்போம். எழுதிய காரணங்கள் வேறு வேறு. ஆனால் உள்ளே இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள்: தண்ணீர், மருந்து, டொக்டர், வீட்டுக்கு ஒரு போன். அப்படிக் கேட்டதாக எந்தப் பொலிஸ் புத்தகத்திலும் பதிவில்லை.

வழக்கு இன்னும் இழுபடுகிறது.

போன மாதம் நம் தெருவில் ஆஸ்மாக்காரன் ஒருவனைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அவன் பெண்சாதி, "ராத்தா, நான் என்ன செய்யிற?" என்று வந்து நின்றாள். அவளோடு போனேன். மருந்தைப் புத்தகத்தில் பதியும்வரை எழும்பமாட்டேன் என்று மேசைக்கு முன்னால் இருந்துவிட்டேன். ஏசினார்கள். போகச் சொன்னார்கள். கடைசியில் பதிந்தார்கள், இன்ஹேலரை அவன் கையிலேயே கொடுத்தார்கள். மறுநாள் பிணையில் வந்தான்.

அவன் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்பதைக் காட்டி, அவள் என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.