நித்திரையில் வெட்டிய பின்னல்

அக்கா,

என் உடுப்பெல்லாம் வால்நட்டும் உள்ளியும் மணக்கிறது. நீங்கள் செத்த நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் படியேறி என் வீட்டுக்கு வந்தேன். கத்தரிக்காயைப் பொரித்து, அரைத்த வால்நட்டை உள்ளே வைத்துச் சுருட்டியது உங்கள் மருமகள். உங்கள் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. நாங்கள் இருவரும் கதைத்ததெல்லாம் உடைந்த ஜெர்மனில்தான். எழுத வருவது தமிழ் மட்டும், அதனால் உங்களையும் தமிழிலேயே கதைக்க வைக்கிறேன்.

ஜெர்மனியில் இந்த வுப்பர்டாலுக்கு வந்து இந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சொந்தம் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் குசினிக் கதிரையில் வந்து இருப்பீர்கள். நான் நல்லெண்ணெய் வைத்து உங்கள் தலையை இழுத்துப் பின்னுவேன். முதல் நாள் மணத்துக்கு மூக்கைச் சுளித்தீர்கள். பிறகு எண்ணெய் முடிந்தால் நீங்கள்தான் சண்டைக்கு வருவீர்கள்.

அப்படி ஒரு காலையில்தான் டாலியின் கதையைச் சொன்னீர்கள். உங்கள் ஊர் ஜோர்ஜியாவின் மலை உச்சியில் இருக்கிற தெய்வம். மலையாடுகளெல்லாம் அவளுடையவை. தலைமுடி தங்கம். ஒரு வேட்டைக்காரனோடு சேர்ந்தாள். அவனுடைய பெண்சாதி தேடி வந்து, டாலி நித்திரையாகக் கிடக்கையில் அந்த முடியைக் கத்தரித்துவிட்டாள். முடி போன பிறகு டாலியால் உயிரோடு இருக்க முடியவில்லை. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடு என்று வேட்டைக்காரனிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போனாள். அந்தப் பிள்ளைதான் வீரன் அமிரானி.

"அந்தப் பெண்சாதிக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லை. பிறகு கதையில அவளைக் காணேல்லை."

"அதெப்பிடி அக்கா? எங்கட கதையெண்டால் அவளுக்குத் தலை வெடிச்சிருக்கும்!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் சீப்பு என் கையை விட்டு விழுந்தது. "அவள் பாவமடி. ஓடினவன் புருசன் எல்லோ?"

உங்களுக்கு எல்லோரும் பாவம்தான்.

நீங்கள் நோய் வருத்தம் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை சீப்போடு கீழே இறங்கி வந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் வந்து பார்த்தால் தலையணையில் பின்னலைக் காணவில்லை. கழுத்து கோழிக்குஞ்சின் கழுத்துப்போல வெளியே தெரிந்தது. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். பின்னல் குசினிக் குப்பைவாளியில், தேயிலைச் சக்கையோடு கிடந்தது.

"கழுவ ஏலாது அன்ரி, எல்லாம் சிக்கு," என்றாள் உங்கள் மருமகள். "நித்திரையா இருக்கேக்க வெட்டிட்டன். முழிச்சிருந்தா விட்டிருக்கமாட்டா."

கேட்டீர்களா அக்கா? நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரிந்துதான் வெட்டியிருக்கிறாள். உங்களைத் தூக்கி, துடைத்து, சோறு தீத்தியதும் அவள்தான். இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக?

நான் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"அமிரானி மாதிரிச் சுத்தியலை எறியாதை."

எனக்குத் தெரியும் அந்தக் கதை. கடவுளோடேயே மோதினதற்காக அமிரானியை மலைக்குள்ளே ஒரு முளையில் சங்கிலியால் கட்டிவிட்டார்கள். அவனும் அவன் நாயும் வருடம் முழுக்க இழுத்து இழுத்து முளையை ஆட்டி வைப்பார்கள். பிடுங்கப்போகிற நேரம் ஒரு குருவி வந்து அதன் மேல் குந்தும். அவன் ஆத்திரத்தில் சுத்தியலால் எறிவான். குருவி பறந்துவிடும். அடி விழுந்து முளை பழையபடி இறங்கிவிடும்.

"அவள்தான் என்ர மகனோட வாழவேணும். பேரப்பிள்ளையள் இருக்கினம். முடி வெட்டினதைப் பற்றி ஒருத்தரிட்டயும் வாய் திறக்காதை. சத்தியம் பண்ணு."

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்கள் இல்லை. ஈரல் என்றார் டொக்டர். டொக்டருக்கு டாலியைத் தெரியாது. அந்தக் கதையில் பெண்சாதி காணாமல் போனாள். இங்கே ஒவ்வொரு நாளும் படியில் எனக்கு எதிரே வருகிறாள்.

இன்று உங்கள் கொழுந்தன் மேசைக்குத் தலைமை. உங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி, வைன் கிளாசைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பற்றிச் சொன்னார்கள்; ஒவ்வொருவர் சொல்லி முடிக்கவும் எல்லோரும் உங்களுக்காகக் குடித்தார்கள். ஒருவர் நீங்கள் சுடுகிற பாணைச் சொன்னார், ஒருவர் உங்கள் பாட்டை. மருமகள் என் கிளாசை நிரப்பினாள்.

"அன்ரி, நீங்களும் சொல்லுங்கோ. நீங்கதான் அவவுக்குக் கிட்ட."

எழும்பினேன்.

"அவவின்ர முடி இடுப்புக்குக் கீழ இருந்தது. ஞாயிறு ஞாயிறா நான்தான் பின்னி விட்டனான். நரைச்சும் அடர்த்தி குறையேல்லை."

அவ்வளவுதான். இருந்துவிட்டேன்.

எல்லோரும் குடித்தார்கள். அவள் குடிக்கவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது, நிற்கவேயில்லை. உங்கள் மகன் எழும்பிப் போய்ப் பார்த்தான். நான் இன்னொரு கத்தரிக்காய்ச் சுருளை எடுத்துச் சாப்பிட்டேன்.

அங்கே இருந்திருந்தால் என் தொடையில் கிள்ளியிருப்பீர்கள். கிள்ளுங்கோ. வெட்டினதைப் பற்றி ஒரு சொல் என் வாயில் வரவில்லை. நாளைக்கும் படியில் அவளைக் கண்டால் ஹலோ சொல்லுவேன். கை நிறையச் சாமானோடு வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் என்னிடம் வாயை மட்டும்தான் கேட்டீர்கள். கோபத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தந்திருக்கமாட்டேன்.