நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்

ஜனவரி 24

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

சிட்டு அம்மா எழுதுறேன். வீட்டுலயே பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கிறவங்க பட்டியல்ல உங்க விலாசத்தைப் பார்த்துட்டு, பதில் வந்தா வரட்டும்னு ஒரு கடிதம் போட்டேன். நீங்க என்னடான்னா ஒரு பெட்டியையே அனுப்பிட்டீங்க! சிட்டு என் தையல் மெஷின் மேல வெச்சுத்தான் பிரிச்சா. மாத்திரை டப்பாவுல உங்க வீட்டு மண்ணு, காய்ஞ்ச இலை ரெண்டு, வாலு வரைஞ்ச தெருப் படம். அந்தப் படம் இருக்கே, அப்பப்பா! ‘இங்க கடிக்கிற நாய்’, ‘இங்க கடிக்காத நாய்’, பேக்கரி, பஸ் ஸ்டாப். பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் தாள். ‘இதுக்கு மேல நான் போனதில்ல’ன்னு குறிப்பு வேற. விழுந்து விழுந்து சிரிச்சோம்.

மாசாமாசம் பதினஞ்சாம் தேதி உச்சி வெயில்ல நின்னு நிழலை அளந்து, தூர வடக்குல இருக்கிற உங்க ஊரையும் எங்க ஊரையும் ஒப்பிட்டுப் பூகோளம் படிக்கிறதுன்னு, பெட்டிக்கு முன்னாடி வந்த கார்டுல வாலு சொன்ன யோசனை சிட்டுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எங்க தாள் இதோட இருக்கு. சிட்டு உயரம் 114, நிழல் 74. உங்க வாலு உயரம் 118, நிழல் 175! “அவளைவிட அவ நிழல் பெருசா இருக்கும்மா, நம்மூரு சூரியன் கஞ்சமா?”ன்னு ஒரே சண்டை. நிழலைக்கூட விட்டுட்டா, அந்த நாலு சென்டிமீட்டரைத்தான் அவளால தாங்கிக்க முடியலை.

ஒண்ணு சொல்லணும். சிட்டுக்குத் திக்கும். ஸ்கூல்ல கேலி பண்ணிப் பண்ணி அவ வாயையே மூடிட்டாங்க, அதான் நிறுத்திட்டேன். கடிதத்துல அவளுக்குத் திக்கலை. நாலு பக்கம் எழுதியிருக்கா. அவளுக்குன்னு ஒரு சிநேகிதி கிடைச்சது இதுதான் முதல் தடவை.

அன்போட,
சிட்டு அம்மா

பிப்ரவரி 19

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாலு மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். நான் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் குறை கண்டுபிடிப்பதே பிழைப்பு. சிட்டுவின் நான்கு பக்கத்தில் சிவப்புப் பேனாவை வைக்க மனம் வரவில்லை.

வாலுக்கு மூச்சிளைப்பு உண்டு. குளிர்காலம் பாதி படுக்கையில்தான். அதனால்தான் வீட்டுப் படிப்பு, அதனால்தான் பஸ் ஸ்டாப்புக்கு மேல் அவள் போனதில்லை. ஆனால் பதினைந்தாம் தேதி மட்டும் அவளைப் படுக்க வைக்க முடியாது. முற்றத்தில் விறைப்பாக நிற்பாள், அவள் அப்பா சாக்பீஸால் நிழலின் நுனியைக் குறிப்பார். சிட்டுக்கு அவள் சொல்லச் சொன்ன விதி இது: “நிக்கிறவங்க ஒருத்தர், குறிக்கிறவங்க ஒருத்தர். தானே பார்க்கலாம்னு குனிஞ்சா நிழலும் குனிஞ்சிடும்.”

நிழல் நீளத்தைப் பற்றி அவள் பதில்: “இதுல என்ன பெருமை? சாயங்காலம் பார்த்தா எல்லாரும் நெட்டைதான்.”

என்றும் அன்புடன்,
வாலு அம்மா

ஏப்ரல் 26

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இரண்டு மாதத் தாள்களையும் சேர்த்து அனுப்புகிறேன். இனி வாலு சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று சிட்டு வருத்தப்பட வேண்டாம்.

மார்ச் 15: உயரம் 118, நிழல் 89.
ஏப்ரல் 15: உயரம் 118, நிழல் 56. வானம் தெளிவு.

அன்புடன்,
வாலு அம்மா

ஜூன் 10

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

என்னங்க, கடிதம் இப்படிச் சுருங்கிப்போச்சு? உங்க ஊர்ல வெயில் ஏற ஏற நிழல் சுருங்குற மாதிரி! வேலை தலைக்கு மேல இருக்கும், புரியுது. சிட்டுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. அதைப் பொட்டலம் கட்டி வாலுக்கு அனுப்பியே ஆகணும்னு அழிச்சாட்டியம். பொறுத்துக்கோங்க.

கூடவே ஒரு கவுன் இருக்கு. நீலத்துல வெள்ளைப் புள்ளி. ரெண்டு பேருக்கும் ஒரே துணியில தெச்சேன். அளவு கேட்டு எழுதலையேன்னு பார்க்காதீங்க, எத்தனை பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம் தெச்சிருக்கேன், உயரம் நூத்திப் பதினெட்டுன்னா எனக்குக் கண்ணை மூடிட்டு வெட்ட வரும். கீழ ரெண்டு இன்ச் மடிச்சுத் தெச்சிருக்கேன். வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம்.

அன்போட,
சிட்டு அம்மா

ஜூலை 2

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

கவுன் வந்து சேர்ந்தது. அளவு சரியாக இருக்கிறது. பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஜூன் 15: உயரம் 118, நிழல் 24.

அன்புடன்,
வாலு அம்மா

நவம்பர் 21

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

இதை எப்படி எழுதுறதுன்னு தெரியாம மூணு தாளைக் கிழிச்சுட்டேன்.

எங்க வீட்டுச் சுவத்துல சிட்டு ஒரு அட்டவணை ஒட்டியிருக்கா. அவளுக்கு ஒரு வரிசை, வாலுக்கு ஒரு வரிசை. இந்தப் பதினஞ்சாம் தேதி அளந்தப்போ இவ 119. “வாலுவை முந்திட்டேன், முந்திட்டேன்!”னு வீடு பூரா குதிச்சா. நானும் சிரிச்சுக்கிட்டே போய் அட்டவணையைப் பார்த்தேன். கையில கத்தரிக்கோல், அப்படியே நின்னுட்டேன்.

நூத்திப் பதினெட்டு. மாசாமாசம் நூத்திப் பதினெட்டு. நான் பிள்ளைங்க உடம்பை அளந்து சாப்பிடுறவ. மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பைப் பிரிக்க வராத பிள்ளை கிடையாது. பத்து மாசமா வளராத பிள்ளையை நான் பார்த்ததில்ல.

அவளுக்கு உடம்பு ரொம்ப முடியலையா? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. சிட்டுகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை.

சிட்டு அம்மா

டிசம்பர் 5

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

வாலு மார்ச் ஒன்பதாம் தேதி இறந்துவிட்டாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் வரைந்த படத்தில் பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளை இடத்தில்தான் ஆஸ்பத்திரி. போகும்போது ஜன்னலைத் திறக்கச் சொல்லி, “இதையெல்லாம் வந்து வரையணும்” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே கடைகளை எண்ணினாள்.

மறு வாரம் சிட்டுவின் கடிதம் வந்தது. ‘இந்த மாசத் தாளைச் சீக்கிரம் அனுப்பு’ என்று கேட்டிருந்தாள். அன்று பதினைந்தாம் தேதி. தரை துடைக்கும் கம்பை 118க்கு அறுத்து முற்றத்தில் நட்டேன். நிழல் விழுந்தது. அளந்தேன், எழுதினேன். ஒரே ஒரு மாதம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒவ்வொரு பதினைந்தாம் தேதிக்காகவும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்களை ஏமாற்ற வேண்டும் என்றால் 119 என்று எழுதியிருக்கலாம். பிழை பார்த்தே கண் கெட்டவளுக்கு அது தெரியாதா? பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. 118 என்பது உண்மை. அதற்கு மேல் ஒரு எண் எழுதினால் அவள் பேரில் பொய் எழுதியதாகிவிடும்.

கவுன் அவள் அலமாரியில் தொங்குகிறது. அளவு சரியாகத்தான் இருந்திருக்கும்.

அவள் அப்பா சாக்பீஸைத் தொடுவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். சிட்டுவிடம் சொல்லாதீர்கள். இங்கே எல்லோருக்கும் அவள் இல்லை என்று தெரியும். உங்கள் வீட்டுச் சுவரில் மட்டும்தான் இன்னும் இருக்கிறாள்.

வாலு அம்மா

டிசம்பர் 18

வாலு அம்மாவுக்கு,

முதல்ல கோவத்தைச் சொல்லிடறேன், இல்லேன்னா என்னால எழுத முடியாது. எப்படிங்க மனசு வந்துச்சு? ஒன்பது மாசமா என் பிள்ளை யாருக்கு எழுதினா? பல்லைக்கூடப் பொட்டலம் கட்டினாளே! உங்க கடிதத்தை மெஷின் டிராயர்ல தூக்கிப் போட்டு, நாலு நாள் அந்தப் பக்கமே போகலை. அஞ்சாம் நாள் எடுத்துப் படிச்சேன். அழுதேன். நானா இருந்திருந்தா கம்பை நட்டிருப்பேனா, கிணத்துல விழுந்திருப்பேனான்னு எனக்குத் தெரியலை.

நீங்க சொல்ல வேண்டாம்னீங்க. நான் சொல்லிட்டேன். ஏற்கெனவே ஒரு ஊரே சேர்ந்து அந்தப் பிள்ளையைக் கேலி பண்ணினது, நானும் அவளை ஏமாத்தக் கூடாது. என்னைத் திட்டுங்க, பரவாயில்லை.

ரெண்டு நாள் சிட்டு கவுனைப் போட்டுக்கிட்டு அட்டவணைக்குக் கீழயே உட்கார்ந்திருந்தா. மூணாம் நாள் வாயைத் திறந்து கேட்டா, உங்களை அவ பெரியம்மான்னுதான் சொல்லுவா. அவ்வளவும் திக்கித் திக்கி, முழுசாக் கேட்டு முடிச்சா: “பெரியம்மா ஒரு ஆளா எப்படிம்மா அளந்தாங்க? நிக்க ஒருத்தர், குறிக்க ஒருத்தர் வேணுமே?”

வாலு வரிசையை அவ அடிக்கலை. அதுக்குக் கீழ ‘பெரியம்மா’ன்னு ஒரு வரிசை போட்டிருக்கா. கம்பு நிழல் வேண்டாமாம். ஜனவரி பதினஞ்சு நீங்க வெயில்ல நிக்கணுமாம், வாலு அப்பா குறிக்கணுமாம். இது அவ சொன்னது. நான் சொல்றது, உங்களை நான் வேற எப்படிக் கூப்பிடுறது? உங்க பேர் எனக்குத் தெரியாது, இனிமே தெரிஞ்சுக்கவும் போறதில்லை. எனக்கு நீங்க வாலு அம்மாதான்.

சிட்டு அம்மா

ஜனவரி 17

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கக் கூடாது.

பதினைந்தாம் தேதி உங்கள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். சிட்டு கேட்ட கேள்விக்கு வந்ததும் எழுந்து போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். சமையலறை டிராயரில் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் நின்றேன். தாங்க முடியாமல் தலை தொங்கிவிட்டது. “குனியாதே, நிழலும் குனிஞ்சிடும்” என்றார். யாருடைய வார்த்தை என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. சாக்பீஸைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மார்ச்சுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அதன் பிறகுதான் குறித்தார்.

உயரம் 154, நிழல் 228. வானம் தெளிவு.

கம்பைப் பிடுங்கிவிட்டோம். இந்தப் பெட்டியில் நீலக் கவுன் இருக்கிறது. உங்கள் மடிப்பைப் பிரித்து நானே தைத்தேன், தையல் கோணலாக இருக்கும். சிட்டு போட்டுக்கொள்ளட்டும். பல்லை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். என்மேல் வருத்தப்படாதீர்கள். உங்கள் தாள் வரும்போதெல்லாம் என் கண் முதலில் சிட்டுவின் உயரத்துக்குத்தான் போகிறது, அதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அவள் வளரட்டும், 120, 130, என்னைவிடவும் உயரமாக வளரட்டும். எத்தனை என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

வாலு அம்மா