முளைப்புத்திறன்: பூச்சியம்

அக்டோபர் 5, வியாழன்

வெயில். மழைக்காலம் நெருங்கிவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. வெயிலுக்குக் காலண்டர் படிக்கும் வழக்கமில்லை. வலது முழங்கால் வலி. நல்லவேளை, எங்கள் விதைப் பரிசோதனை அலுவலகம் கீழ்த்தளம்.

காலையில் மும்தாஜ் என்ற அம்மாள் வந்தார். கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் நிலம், கணவர் குவைத்தில். புழுதியில் நெல் விதைத்துப் பத்து நாள். நடுவில் ஒரே ஒரு தூறல். ஒரு முளைகூட இல்லை. விதைத்தது போக மீந்த நெல்லை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார்.

"மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கு சார். பக்கத்துல எறால் பண்ணை வந்ததுலேர்ந்து இப்பிடித்தான். வெதை செத்துப்போச்சா, உசுரோட இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

அதை மட்டும் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவருடைய கொழுந்தன் சிராஜ், நிலத்தை இறால் பண்ணைக்கே விட்டுவிடலாம் என்கிறாராம். குவைத்தோடு பேசி ஒரு முடிவு: ஆபீஸ் பேப்பர் வரட்டும். விதை உயிரோடு இருந்தால் நெல். செத்திருந்தால் பொக்லைன் வந்து குளம் வெட்டும். இரண்டு ஏக்கரின் தலையெழுத்து என் மேசையில். மேசைக்கு ஒரு கால் ஆட்டம்.

நானூறு நெல் எண்ணி, ஈரத்தாளில் வரிசையாக வைத்துச் சுருட்டினேன். டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்து இரண்டு மாதம். கோரிக்கை மூன்று முறை மேலே போனது. மூன்றாவது முறை 'எதற்கு?' என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. குழாய்த் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

ஐந்தாம் நாள். முதல் எண்ணிக்கை: பூச்சியம். புழுக்கத்தில் தாள் தினமும் காய்ந்துவிடுகிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். கடமை.

மும்தாஜ் போன்.

"என்ன சார், முழிச்சுக்கிச்சா?"

"இன்னும் ஒம்பது நாள் இருக்கும்மா."

"எங்க கொழுந்தன் தெனம் வந்து வயலக் காலாலயே கிண்டிப் பாத்துட்டுப் போறாரு. அம்புட்டுப் பாசம்."

வாங்க வேண்டியவை: முழங்கால் தைலம், பிளேடு, கடுகு. கண்ணாடியின் இடது காம்பு லூஸ்.

அக்டோபர் 15, ஞாயிறு

வாடகை அறையில் படுத்தபடி பழைய தாவரவியல் பாடநூல். உப்பு மண்ணில் விதை என்ன செய்கிறது என்று நாலு பக்கம்.

சுருக்கம்: பக்கத்திலேயே தண்ணீர் இருந்தாலும் விதையால் இழுத்துக்கொள்ள முடியாது, உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் உள்ளே வந்தாலும், விதைக்குள் அப்சிசிக் அமிலம் என்று ஒரு ஹார்மோன், 'நிறுத்தி வைக்கவும்' என்று குறிப்பு எழுதிவிடும். ஜிப்ரலின் என்று இன்னொன்று, 'முளைக்க அனுமதிக்கலாம்' என்று எழுதும். முதலாமவர் கை ஓங்கியிருக்கும்வரை இரண்டாமவர் பேச்சு எடுபடாது. நல்ல மழை பெய்து உப்பு கரைந்து கீழே இறங்கினால் முதலாமவர் ஒதுங்கிக்கொள்வார், கோப்பு நகரும். உப்பு மிக அதிகமாகி உள்ளேயே ஏறிவிட்டால் விதை சாகும்.

காரணத்தோடு கோப்பை நிறுத்தி வைக்கும் அலுவலகம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

குடிக்கிற கேன் தண்ணீர் தீர்ந்தது. நாளை புதுக் கேன் சொல்ல வேண்டும். இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிகிறது.

அக்டோபர் 19, வியாழன்

பதினான்காம் நாள். நானூறில் பூச்சியம். அறிக்கை தட்டச்சு செய்தேன். மேடம் கையெழுத்து, சீல். மேடம் என்பவர் எங்கள் அதிகாரி. எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பார். பிழை இல்லை.

மும்தாஜ், கூடவே சிராஜ். நீலச் சட்டை, நல்ல அத்தர்.

"பூச்சியம்னா ஒண்ணுகூட இல்லையா சார்?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

சிராஜ் பேப்பரை வாங்கிப் படம் எடுத்தார். அது அங்கேயே குவைத்துக்குப் போனது. "அல்லாஹ் நாடுனது இதான் மதினி. அடுத்த சனிக்கெழமை, இருவத்தெட்டாந் தேதி, பொக்லைனுக்குச் சொல்லிர்றேன்." அவர் முகத்தில் துக்கம் இருந்தது. தேவையான அளவு.

மும்தாஜ் மஞ்சள் பையை நாலாக மடித்தார். "வாங்கும்போது கையில அள்ளிப் பாத்தேன் சார். செத்த நெல்லு மாதிரி தெரியல."

"பார்த்தால் தெரியாதும்மா" என்றேன். விதிமுறைப்படி சரியான பதில்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. மெஸ் சாம்பார் காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 20, வெள்ளி

விடுமுறைக்கு முன்பே அலுவலகத்தில் ஆயுத பூஜை. அலுவலக உதவியாளர் செல்வம், என்னைவிட ஒரு வயது மூத்தவர், காலையிலேயே துடைப்பத்தோடு இறங்கிவிட்டார். குப்பை எல்லாம் ஜன்னல் வழியாக வெளியே. என் நானூறு நெல்லும் ஈரத்தாளோடு போயிற்று.

தராசு, ஸ்டேப்ளர், கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். டிஸ்டில்டு வாட்டர் காலிக் கேனுக்கும் ஒரு பொட்டு. பொரி, கடலை. நாலு நாள் லீவு. சொந்த ஊர், அரிமளம்.

அக்டோபர் 25, புதன்

அரிமளத்திலிருந்து முதல் பஸ். அறந்தாங்கி வரை நின்றபடி.

மேடம் அறை ஏசி நாலு நாளும் ஆளில்லாமல் ஓடியிருக்கிறது. "அணைச்சுட்டேன்னுதான் சார் நெனச்சேன்" என்றார் செல்வம். வெளியே போய்ப் பார்த்தேன். ஏசித் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் பச்சை.

குனிந்தேன். முழங்கால் தன் கருத்தைச் சொன்னது. நெல். தாளைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. தாளில் என் பென்சில் எழுத்து, மும்தாஜின் மாதிரி எண். பாதிக்கு மேல் முளைத்திருக்கும். எண்ணவில்லை. எண்ணினால் அறிக்கை எழுத வேண்டும்.

ஏசியிலிருந்து சொட்டுவது உப்பில்லாத தண்ணீர். பதினான்கு நாளும் நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு போகாது. மறுநாள் மேலும் ஊற்று, மேலும் உப்பு. அந்த அம்மாள் வயலில் நடந்ததை மேசையில் நானே நடத்தியிருக்கிறேன். விதை சாகவில்லை. நல்ல தண்ணீருக்குக் காத்திருந்தது.

எனக்குக் கேன் தண்ணீர். விதைக்குக் குழாய்த் தண்ணீர். நடுவில் பாடநூல் வேறு.

இந்த அலுவலகத்தில் விதை முளைத்தது, ஆள் இல்லாத நாலு நாளில்.

மேடத்திடம் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட எப்படி சார் மாத்துறது? அவங்க மறுபடி மனு குடுத்து, புது சாம்பிள் குடுக்கட்டும். பதினாலு நாள்ல பாத்துரலாம்."

"பொக்லைன் சனிக்கிழமை வருது மேடம்."

"அது நம்ம செக்ஷன் இல்லையே சார்."

அக்டோபர் 26, வியாழன்

அரை நாள் லீவு. முளைத்ததில் ஒரு பிடியை மண்ணோடு டீ டம்ளரில் வைத்து எடுத்துக்கொண்டு மும்தாஜ் வீட்டுக்கு. டவுன் பஸ்ஸில் பக்கத்து ஆள், "என்ன சார், ஒரு டம்ளர் வெவசாயமா?" என்றார். ஆமாம் என்றேன்.

வாசலில் மும்தாஜ். உள்ளே நாற்காலியில் சிராஜ், டீயோடு.

"இது ஒங்க நெல்லுதாம்மா. தண்ணி நல்ல தண்ணியா இருந்தா மொளைக்குது. நான் ஊத்துனது உப்புத் தண்ணி."

டம்ளரை வாங்கிக்கொண்டார். "அப்ப பேப்பர்ல பூச்சியம்னு போட்டது?"

"அந்தப் பூச்சியம் என்னோடதும்மா. நெல்லோடது இல்ல."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

சிராஜ் டம்ளரைச் சுற்றிப் பார்த்தார். "ஆபீஸ் பேப்பர்ல சீல் இருக்கு சார். டம்ளர்ல இருக்கா?"

இல்லைதான்.

"வயல்ல கெடக்குறதும் இப்பிடி உசுரோட இருக்குமா சார்?" என்றார் மும்தாஜ்.

"இருக்கலாம். உப்பு ரொம்ப ஏறுன எடத்துல செத்திருக்கும். நல்ல மழை பேஞ்சாத்தான் தெரியும்."

"சனிக்கெழமைக்குள்ள பேயுமா?"

அது எங்கள் செக்ஷன் இல்லை என்று நாக்கு வரை வந்தது. விழுங்கினேன். "தெரியலம்மா."

பொக்லைனைத் தள்ளிப்போடச் சொன்னார். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அண்ணனும் சரி என்று சொல்லிவிட்டார் என்றார் சிராஜ். மும்தாஜ் டம்ளரை ஜன்னலில் வைத்து, குடிக்கிற கேனைச் சாய்த்து ஒரு மடக்கு ஊற்றினார்.

எனக்கு இரண்டு வாரத்தில் தோன்றாதது.

அக்டோபர் 28, சனி

நேற்று ஜும்மா தொழுகை முடிகிற நேரத்தில் தொடங்கிய மழை. விடிந்தும் விடவில்லை. அறையில் மூன்று இடத்தில் ஒழுகல், இரண்டு பாத்திரம்.

பத்து மணிக்குச் செல்வம் போன். அவருக்கும் அந்தப் பக்கம்தான் வீடு.

"சார், பொக்லைன் வந்துச்சு. ரெண்டு அள்ளுதான் அள்ளுச்சு. உக்காந்துருச்சு."

"எங்க?"

"நடு வயல்ல. டிரைவர் சாவிய எடுத்துக்கிட்டு கந்தர்வக்கோட்டைக்கே போய்ட்டான்."

மழையில் தைலத்துக்கு வேலையில்லை. தேய்த்தேன்.

நவம்பர் 2, வியாழன்

நேற்று மழை விட்டது. டிஸ்டில்டு வாட்டருக்கான நான்காவது கோரிக்கைக்குப் பதில்: 'பரிசீலனையில் உள்ளது.' செல்வம் ஏசிக்கு அடியில் இருந்ததைக் களை என்று பிடுங்கிவிட்டார். ஆய்வுக்கு மேலதிகாரி வருகிறார்.

மும்தாஜ் போன். "வந்து பாத்துட்டுப் போங்க சார்." குரலை வைத்து ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் பர்மிஷன்.

வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி போனேன். பண்ணையை ஒட்டிய பக்கம் அகலமாக மொட்டை. அங்கே விதை செத்திருக்கிறது. எல்லாவற்றாலும் காத்திருக்க முடியவில்லை. மற்ற இடமெல்லாம் பச்சை ஊசி, நெருக்கமாக. நடுவில் சக்கரம் பாதி புதைந்த மஞ்சள் பொக்லைன். அதன் வாளிக்கு அடியிலும் நெல்.

சிராஜ் மழையில்லாமலே குடையோடு நின்றார். "மதினி, இத இழுக்க இன்னொரு வண்டி உள்ள எறங்கணும். கொஞ்சம் பயிரு மிதிபடும். வேற வழி இல்ல."

மும்தாஜ் போனை எடுத்தார். பயிர், பொக்லைன், மறுபடி பயிர். மூன்று படம், குவைத்துக்கு. பிறகு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"தையில அறுத்துருவோம் தம்பி. அப்பறமா வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."