உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தவள் நம் வீட்டுக்கு வந்தாள்

பாப்பிரெட்டிப்பட்டி,
11.7.2021, ஞாயிறு.

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி பிரியா, இரண்டு மாடு, போன மாதம் பிறந்த கன்று எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அந்த அசாம் மழையில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது ஊசி போட்டாயா இல்லையா என்று ஒரு வரி சொல். பேங்கில் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசினால் நீ பதில் பேசாதே, ஏற்றிக்கொண்டு பேசச் சொல்.

தினமும் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ விடும்மா, ஊரே மறந்துடுச்சு என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு இரண்டு அறை வீட்டில் உன் அப்பா காதில் விழாமல் நான் எங்கே நின்று பேசுவது. அவர் என்னோடு பேசி நான்கு நாளாகிறது. ஏன் பேசவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நாளைக்குப் பிரியாவுக்குப் பத்தாம் வகுப்பு தொடங்குகிறது, இந்த வருடமும் வீட்டிலிருந்தபடியேதான். பள்ளிக்கூடத்தில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், கேமராவை அணைத்து வைத்தால் ஆப்சென்ட். இவள்தான் போன வருடம் அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒருநாளும் கேமராவைத் திறக்கவில்லையே, நெட் சரியில்லை டீச்சர் என்று வருடம் முழுக்க ஒரே பொய்யைச் சொல்லி ஓட்டினாள். அதனால் இரண்டு வாரமாக வீட்டில் இதே வேலைதான். உள் அறையில் மலைப் பக்கத்து ஜன்னலருகேதான் சிக்னல் நிற்கிறது. அங்கிருந்த அரிசி மூட்டையையும் பாத்திரப் பெட்டியையும் சமையற்கட்டுக்குத் தள்ளிவிட்டு, பின்னால் தெரிகிற சுவருக்கு உன் அப்பா இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார். என் தையல் மிஷின்தான் மேசை, மேலே பலகை போட்டாயிற்று. நீ அனுப்பிய டேப்பை நிறுத்தி வைக்கச் செங்கல்லுக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வாங்கினோம். எல்லாம் முடிந்ததும் உன் அப்பா, குறுக்கே ஒரு திரை கட்டிடலாம், நான் தெரியாத்தனமா உள்ள வந்துட்டா புள்ளைக்கு சங்கடம் என்றார். என் பழைய சேலையைக் கிழித்து அவரே ஆணி அடித்து மாட்டினார். அவர் ஆணி அடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் முடிவு செய்தேன், இதற்கு மேல் பொறுக்கக்கூடாது என்று.

உனக்கு நான் போன வருடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். முதல் நாள் வகுப்பில் நிர்மலா டீச்சர் அப்பாவோ அம்மாவோ வந்து முகம் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்களாம். நான் பால் சொசைட்டிக்குப் போயிருந்தேன். உன் அப்பா மரவள்ளிக் காட்டிலிருந்து ஓடி வந்து, கை கால் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு பிரியாவுக்குப் பின்னால் வந்து நின்று, வணக்கங்க டீச்சர் என்று கும்பிட்டார். டீச்சரும் வணக்கம் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். போங்க என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது நகர்ந்தால் மரியாதை இல்லை என்று இந்த மனிதர் நாற்பது நிமிடம், பாடம் முடிகிற வரைக்கும், கட்டிய கையை எடுக்காமல் நின்றிருக்கிறார். எல்லோர் எதிரிலும் போங்கப்பா என்று சொல்லப் பிரியாவுக்கு வாய் வரவில்லை. அதை நினைத்து அவள் இன்றைக்கும் அழுகிறாள்.

அதை யாரோ படம் பிடித்து, வேகமாக ஓடவிட்டு, கோமாளிப் பாட்டு சேர்த்து, புது அட்மிஷன் என்று மேலே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். மூன்றே நாளில் அது பால் சொசைட்டிக்கு வந்துவிட்டது. என்ன அட்மிஷன், பாடம் முடிஞ்சுதா என்று ஒருவன் கேட்க, கேனோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பால் ஊற்ற நான்தான் போகிறேன். டீக்கடைக்குப் போவதை விட்டார். வகுப்பு நடக்கிற நேரத்தில் தன் சொந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக வராமல் மாட்டுக்கொட்டகையைச் சுற்றி வந்து, அங்கேயே குந்தி சாப்பிட்டுவிட்டுப் போகிறார். ஊர் மறந்துவிட்டது என்கிறாயே கண்ணு, தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவது நான்.

படம் பிடித்தது யார் என்று எட்டு மாதம் எனக்குத் தெரியாது. சந்தையில் ஜாஸ்மின் சொன்னாள், அவள் மகனும் பிரியாவோடுதான் படிக்கிறான். அக்கா, உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு கேக்கல, முதல்ல அது சுசித்ரா ஸ்டேட்டஸ்லதான் வந்துச்சு, நான்தான் பாட்டு சேத்தேன்னு அவளே எங்கிட்ட சொல்லிச் சிரிச்சா என்றாள். சுசித்ராவை உனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார்களே அவர்கள் வீட்டுப் பெண், மகள் ஐஸ்வர்யா பிரியா வகுப்பு. ஸ்கூல் வேன் வராத நாளெல்லாம் அவள் மகளையும் சேர்த்து டிவிஎஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து விட்டவர் உன் அப்பா. ஜாஸ்மின் சொன்னதைக் கேட்டுவிட்டு வாங்கிய தக்காளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போவுது விடு என்பார். எனக்குப் போகவில்லை.

ஏப்ரலில் பரீட்சை வைத்தார்கள், டேப் வருவதற்கு முன் எல்லாம் என் போனில்தான். எழுதும்போது மட்டும் எல்லோரும் கேமராவைத் திறந்தே ஆக வேண்டும். அப்போதும் பிரியா கேமராவை உத்தரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துத் திட்டு வாங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகத் தெரிகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐஸ்வர்யா கட்டத்தின் ஓரத்தில் ஒரு கை வந்தது. நோட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது. பக்கம் புரட்டியது. பச்சைக்கல் மோதிரம், எல்லாக் கல்யாணத்திலும் சுசித்ரா நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி நீட்டிப் பேசுவாளே அதே மோதிரம். போன் திரையில் ஓடுவதைப் படம் பிடிக்க எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று ஜாஸ்மின் மகனிடம் அதற்கு முன்பே கேட்டுக் கற்று வைத்திருந்தேன், எதற்கு என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. ஆறு நிமிடம் பிடித்தேன். மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மாடு கறக்கும்போதுகூட அது போனில் இருக்கிறது என்கிற நினைப்பு இனித்தது, உன்னிடம் எதற்கு மறைப்பது.

திரை கட்டிய மறுநாள், புதன்கிழமை காலை, அந்தக் கையும் மோதிரமும் தெரிகிற இடத்தை ஒரு போட்டோவாக எடுத்து சுசித்ராவுக்கு மட்டும் அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து நின்றாள். பிரியா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள், உன் அப்பா காட்டில். அக்கா என்றாள். நான் வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. புது நாற்காலி அவள் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது, நம் வீட்டில் கேட்காமல் உட்கார அவளுக்கு அன்றைக்கு தைரியம் இல்லை. நான் பாட்டுக்கு ஜன்னல் கம்பியைத் துடைத்தேன், ஒயரை ஓரமாக இழுத்துக் கட்டினேன், பிரியாவின் புத்தகத்துக்கு அட்டை போட உட்கார்ந்தேன். அக்கா, தெரியாம செஞ்சுட்டேன், ஸ்கூலுக்கு அனுப்பிடாதீங்க, அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா புள்ளைய அடிச்சே கொன்னுடுவாரு என்றாள். நான் அட்டையை மடித்தேன். அக்கா, எதாச்சும் பேசுங்க என்றாள். நான் பசையைத் தேடினேன். அவள் வரும்போது சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. கால் மாற்றி மாற்றி நின்றாள். ஒருமுறை சுவரில் சாயப் போனாள், சுண்ணாம்பு ஒட்டும் என்றேன், அது ஒன்றுதான் நான் பேசியது.

பத்தரைக்கு உன் அப்பா தண்ணீர் குடிக்க வந்துவிட்டார். அவளை நான் நிற்க வைத்தது முப்பத்தைந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் கழித்து வந்திருந்தால் இவருக்கு என்ன கெட்டுப்போயிருக்கும். வந்தவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கம்மா, ஏன் நிக்கிறீங்க என்று நாற்காலியைத் துண்டால் தட்டி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்ததும் ஓவென்று அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்களை ஊர் சிரிக்க வச்சது இவதான், பாட்டு போட்டது இவதான், நீங்க இவளுக்கு நாற்காலி துடைச்சுப் போடுறீங்க என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், அதை நான் பாத்ததே இல்ல, காட்டு என்றார். கலைமதி, எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஊரே பார்த்ததை அவர் ஒருவர்தான் பார்த்ததில்லை என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. என் போனிலிருந்து காட்டினேன். பாட்டை நிறுத்திட்டுக் காட்டு என்றார். சத்தமில்லாமல் முழுவதும் பார்த்தார். பார்த்துவிட்டு சுசித்ராவிடம், சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கேன், யாரும் சொல்லல பாருங்க என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் முடித்துவிட்டார், நான் முடிக்கவில்லை. பெற்றோர் குரூப்பில் உன் குரலிலேயே பேசிப் போடு, நீதான் செய்தாய் என்று சொல், அவர் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேள் என்றேன். முதல் தடவை வாய்க்குள்ளேயே பேசினாள், அழித்துவிட்டு மறுபடி பேசச் சொன்னேன். இரண்டாம் தடவை ஒரு விளையாட்டுக்குச் செய்தேன் என்றாள், விளையாட்டு என்கிற சொல்லை எடுக்கச் சொன்னேன். மூன்றாம் தடவைதான் மாதேஸ்வரன் அண்ணனை அசிங்கப்படுத்தினது நான்தான், தப்பு என்னுதுதான், மன்னிச்சிடுங்க என்று தெளிவாக வந்தது. போட வைத்தேன். போய்ச் சேர்ந்ததா என்று என் போனிலும் பார்த்துக்கொண்டேன். நாற்பத்தோரு வீடு கேட்டது. நல்லா இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

அவள் கிளம்பும்போது உன் அப்பா, பரீட்சை வீடியோவை அந்தம்மா கண்ணு முன்னாலயே அழிச்சிடு, சின்னப் புள்ள அது, நம்ம பிரியா மாதிரி என்றார். மாட்டேன் என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் வெளியாள் எதிரில் நான் அவர் பேச்சைத் தட்டியது அதுதான் முதல் தடவை. மறுபடி சொன்னார். மறுபடியும் மாட்டேன் என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் காட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி, ஒரு பொம்பளைய நிக்க வச்சிருக்கியே என்று மட்டும் சொன்னார், அதோடு சரி. வெள்ளிக்கிழமை காலை நான் கேனைத் தேடினால் காணோம், சொசைட்டிக்கு அவரே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே என்ன நடந்தது என்று கேட்க ஆசையாக இருக்கிறது, கேட்டால் நான்தான் முதலில் பேசியதாகிவிடும்.

நேற்றுப் பிரியா என்னிடம், ஐஸ்வர்யா மெசேஜ் பண்ணிருக்காம்மா, பரீட்சையில பாத்து எழுதினத நானே டீச்சர்கிட்ட சொல்லிடறேன், உங்கம்மா என்ன செய்யப்போறாங்கன்னு நெனச்சு பயந்துட்டே என்னால படிக்க முடியலன்னு சொல்றா என்றாள். அந்தப் பெண் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடாமல் கிடக்கிறாளாம். நேற்று மத்தியானம் எனக்கும் சோறு இறங்கவில்லை, பசியில்லை என்று எழுந்துவிட்டேன். ஆனால் போனைக் கையில் எடுத்து அழிக்கிற இடம் வரைக்கும் விரல் போனால், கொட்டகையில் குந்தி சாப்பிட்டவர் ஞாபகம் வருகிறது, வைத்துவிடுகிறேன். அனுப்பவும் மாட்டேன், அழிக்கவும் மாட்டேன். அந்தப் பிள்ளை தானாகச் சொல்வதற்கு நான் தடையில்லை என்று சொல்லச் சொல்லிவிட்டேன். அவள் அம்மா மட்டும் இன்னும் கொஞ்ச நாள் என் போனை நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.

நீ உன் அப்பாவுக்குப் போன் செய்தால் இதை எதையும் கேட்காதே. மஞ்சள் நட்டாயிற்றா, கன்று எப்படி இருக்கிறது என்று கேள். அம்மாகிட்ட பேசுங்கப்பா என்று நீயாகச் சொல்வதுபோல ஒரு வார்த்தை சொல், நான் எழுதினேன் என்று தெரியக்கூடாது. பிரியாவிடம் நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குள் பேசி தைரியம் சொல். திரையைக் கழற்றிவிட்டேன், அது உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. தீர்த்தமலை ஈஸ்வரன் உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல இடத்துக்கு மாற்றலும், யாரும் பார்த்துச் சிரிக்க முடியாத வாழ்வும் கொடுக்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று. படித்துவிட்டு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. நாள், கிழமை, மணி எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறேன். நாளைக்கே சுசித்ரா, நான் அப்படியெல்லாம் வந்து நிக்கவே இல்லை என்று பேச்சை மாற்றினால் சாட்சிக்கு வேண்டும், பீரோவில் பத்திரமாக வை.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
மா. தீர்த்தம்மாள்.