நான்கு மணி நேரம் முகமூடி அணிய முடியாதவர்களுக்காக

அனுப்புநர்:
டோர்பியோர்க் நெஸ்விக்,
பனி அகற்றும் வண்டி ஓட்டுநர்,
ஸ்கார்வோய் தீவு, வட நார்வே.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
தொலைமருத்துவப் பிரிவு,
வட்டார உறக்க மருத்துவ மையம்.

பொருள்: உறக்க மூச்சுத்தடைக்கான காணொளி ஆலோசனையை, கருவிக்குப் பழகாதவர்களுக்கும் தொடரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் நன்றி. போன மார்ச்சில் பட்டப்பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, பள்ளிக்கூட வேலியை இடித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. அன்றே வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டேன். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்பதைத் தங்கள் மையம்தான் கண்டறிந்தது.

2. தூங்கும்போது முகமூடி வழியாக மூச்சுக்குக் காற்று செலுத்தத் தாங்கள் தந்த கருவியோடு முதல் மூன்று வாரம் படாத பாடு பட்டேன். முகமூடி ஓரத்தில் காற்று சீறும். "கெட்டில் கொதிக்குதுடி, இறக்கி வை" என்பார் என் கணவர் ஐலிஃப். யாரிடமும் கேட்க வெட்கம். கருவி தானாகவே மையத்துக்கு அனுப்பிய விவரங்களைப் பார்த்துத் தங்கள் செவிலியர் சின்னோவெ தாமாகவே காணொளியில் அழைத்தார். "மாட்டிக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார். காட்டினேன். "டோர்பியோர்க், தலைகீழா மாட்டியிருக்கீங்க!" சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டேன். பிறகு வாரந்தோறும் அழைத்தார். அக்டோபரில், முதல் பனிக்கு முன், சாவி என் கைக்குத் திரும்பியது.

3. இப்போது ஒரு சுற்றறிக்கை வந்துள்ளது. இரவில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகக் கருவி அணிவோருக்குக் காணொளி கிடையாது, நகரத்துக்கு நேரில் வரவேண்டும் என்கிறது. நான் ஏழு மணி நேரம் அணிகிறேன், எனக்குப் பாதிப்பில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் நான் ஒரு மணி நேரத்தைக்கூடத் தாண்டவில்லை. இவ்விதி அன்று இருந்திருந்தால் முதலில் நீக்கப்பட்டிருக்கக்கூடியவள் நானே.

4. என் பக்கத்து வீட்டு ஹால்வார்ட் தனியாகப் படகில் மீன்பிடிப்பவர். அவருக்கும் இதே நோய், இதே கருவி; அவர் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். இரண்டு மணி நேரம்தான் அவரால் அணிய முடிகிறது. நகரத்துக்குப் போய்வர இரண்டு நாளாகும். சுற்றறிக்கையைப் படித்ததும் கருவியைப் பெட்டியில் கட்டிவிட்டார். "நல்லாத் தூங்குறவனுக்குத்தான் வைத்தியமாம். எனக்கு எதுக்கு?" என்றார். சென்ற செவ்வாயன்று படகிலேயே கண்ணயர்ந்து பாறையில் மோதினார். நாங்கள்தான் இழுத்துவந்தோம். வரும் திங்கட்கிழமை மறுபடியும் கடலுக்குப் போகிறார்.

5. எனவே இவ்விதியைத் திரும்பப் பெறுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு நாளாகுமெனில், திங்களுக்கு முன் சின்னோவெ அவரை ஒருமுறை அழைக்க அனுமதியுங்கள். "கூப்பிட்டா எடுக்கிறேன்" என்று ஹால்வார்ட் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அவ்வளவு சொன்னதே பெரிது. தயவுசெய்து அழைக்கச் சொல்லுங்கள்.

இடம்: ஸ்கார்வோய்
நாள்: பிப்ரவரி 9

நன்றி மறவாத,
டோர்பியோர்க் நெஸ்விக்
(கையொப்பம்)